மாசிப் பனியும் ஐந்து ஊசியும்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் தெருவில் மச்சு வீடெல்லாம் இடித்து கான்கிரீட் போட்டாகிவிட்டது. பனிக்கு அந்த வித்தியாசம் தெரிவதாக இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு சிறுமலைப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். ஜன்னலைச் சாத்தினாலும் கதவுக்கு அடியில் நுழைந்து நேரே காலைத்தான் தேடும். சிவராத்திரி முடிந்தால் பனி சிவசிவா என்று ஓடிவிடும் என்று பக்கத்து வீட்டு அம்மா ஒவ்வொரு வருடமும் சொல்வார். அதுவரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கும் விதம், உல்லனில் சாக்ஸ் பின்னுவது.

சின்னாளப்பட்டியில் சாக்ஸா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம் ஊரில் காலை நேரத்தில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். தலைக்கு மப்ளர், காதுக்குப் பஞ்சு. காலை மட்டும் யாரும் நினைப்பதில்லை. இந்த ஊரில் கால் என்பது செருப்புக்கும் தறிமிதிக்கும் உரியது, அவ்வளவுதான்.

நான் நினைத்ததற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து இருபத்திரண்டு வருடம். இவருக்கு இது சொந்த ஊர். ஓய்வு பெற்றபின் புதுச்சேரியை விட்டு இங்கே வந்து சேர்ந்தோம். போன மாசியில் ஒரு ராத்திரி, "கால் ஐஸ் மாதிரி இருக்கு" என்று தானே எழுந்து போய், ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, பாதத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டார். துண்டு எப்போது விலகியது என்று அவருக்குத் தெரியாது. காலையில் போர்வையில் ஈரக் கறை. என்னவென்று பார்த்தால் இடது காலின் சுண்டுவிரலுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்பளம் வந்து உடைந்திருக்கிறது. "வலிக்கலையா?" என்றேன். "எங்கே?" என்று கேட்டார். அந்த "எங்கே" என்னை உலுக்கிவிட்டது.

அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது. நடுவில் ஒருநாள், விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. எடுக்கவில்லை. அந்த மருத்துவர் எனக்குப் புரியும்படி ஒன்று சொன்னார்: "அம்மா, கால் குளிரலை. தொட்டுப் பாருங்க, சூடாத்தான் இருக்கும். நரம்பு பொய் சொல்லுது." சர்க்கரை பல வருடம் ஏறி இறங்கினால் காலின் நரம்புகள் கெட்டுவிடும். குளிராத காலைக் குளிர்வதாகச் சொல்லும், சுடுகிற பாட்டிலைச் சுடவில்லை என்று சொல்லும். ஆகையால் வெந்நீர்ப் பை, ஹீட்டர், அடுப்போரம் எதுவும் கூடாது. சாக்ஸ் போடலாம். ஆனால் மேலே இறுக்கமான எலாஸ்டிக் கூடாது, விரல் பக்கத்தில் தையல் மேடு கூடாது, வெள்ளை நிறமாக இருந்தால் நல்லது. கசிவோ ரத்தமோ இருந்தால் உடனே தெரியும் அல்லவா, அதற்காக.

கடையில் தேடிப் பார்த்தேன். மெஷின் சாக்ஸ் எல்லாவற்றிலும் விரல் நுனியில் ஒரு தையல் ஓடுகிறது. நமக்கு அது ஒன்றுமில்லை. உணர்ச்சியில்லாத காலில் அது ராத்திரி முழுக்க அரம் போல வேலை செய்யும். மேல் எலாஸ்டிக்கோ, கழற்றினால் கணுக்காலுக்கு மேலே வளையம் போட்டதுபோல் தடம் விடுகிறது. மதுரையில் குளிர்காலத்தில் திபெத்தியர்கள் போடுகிற ஸ்வெட்டர் கடைகளிலும் பார்த்தேன். பாவம், அவர்கள் விற்பதும் லூதியானா மெஷின் சரக்குதான். அப்போதுதான் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த ஊசிக்கட்டு ஞாபகம் வந்தது.

அந்த ஊசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள் என்பது இதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பாடப்புத்தகங்கள் பிரான்ஸிலிருந்து வந்தவை. அதில் நாலு பருவம். குளிர்காலத்துக்கு 'இவேர்' என்று பெயர். கூரையில் வெண்பனி, கணப்படுப்பு, அருகில் நாற்காலியில் பாட்டி, பாட்டி கையில் பின்னல். மே மாத வெயிலில், கடற்காற்று அடங்கிய பிற்பகலில், நெற்றி வியர்வை தாளில் சொட்ட இதை நாங்கள் 'திக்தே' எழுதுவோம். அது போதாதென்று வாரம் இரண்டு பீரியட் 'த்ரிகோ', அதாவது பின்னல் வகுப்பு. உல்லன் நூல் வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டு நகராது. 'மஸேர்' என்று நாங்கள் அழைக்கும் கன்னியாஸ்திரி ஒரு தட்டில் முகப்பூச்சு மாவு வைத்திருப்பார். விரலை அதில் தொட்டுக்கொண்டு பின்ன வேண்டும். "நேர்க் கண்ணி ஒன்று, புரட்டுக் கண்ணி ஒன்று" என்று பிரெஞ்சில் வகுப்பே கோரஸாகச் சொல்லும். புதுச்சேரியில் பூத்தையலுக்குக் குளூனி சகோதரிகளின் கூடம் இன்றும் ரொமேன் ரோலான் வீதியில் இருக்கிறது. அந்த வேலைக்கு உலகில் எங்கேயும் விலை உண்டு. சாக்ஸ் பின்ன எங்களுக்கு எதற்குக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று வீட்டில் என் அப்பாயி கேட்பார். "யாருடீ போடப் போறா இதை? மாடா?"

யார் போடப் போகிறார்கள் என்பது 1962-இல் தெரிந்தது.

அந்த வருடம் ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. 1954 நவம்பர் முதல் தேதியே நிர்வாகம் கைமாறியிருந்தாலும், காகிதத்தில் முடிந்தது அன்றைக்குத்தான். ஊரில் பிறந்தவர்களில் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இந்தியர். 'ஒப்சியோன்' என்ற அந்த வார்த்தையைச் சொல்லாத வீடு இல்லை. சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள் வீடுகளில், பெரிய யோசனை இல்லை. மற்ற வீடுகளில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். திண்ணையில் சண்டை, அடுப்படியில் அழுகை. எனக்குப் பன்னிரண்டு வயது. அதில் பாதிதான் புரிந்தது.

அக்டோபர் 20 அன்று சீனப் படை வந்தது. நம் ஜவான்கள் சமவெளியில் போடுகிற பருத்திச் சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக இமயமலையில் நிற்கிறார்கள் என்று செய்தி பரவியது. நாடு முழுக்கப் பெண்கள் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். பின்னத் தெரிந்தவர்கள் ஸ்வெட்டரும் சாக்ஸும் பின்னினார்கள். எங்கள் வகுப்புக்கும் கூடை நிறையப் பச்சை உல்லன் வந்து இறங்கியது. மஸேர் இருவர் இருவராகப் பிரித்தார். ஆளுக்கு ஒரு கால். என் பக்கத்து பெஞ்சுக்காரி இடது, நான் வலது. அவள் பெயரைச் சொல்ல வேண்டாம், உயிரோடு இருக்கிறாள், படிப்பாள்.

பின்னுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு ஜோடியை இரண்டு கை பின்னினால் இரண்டு அளவு வரும். அவள் இழுத்துப் பின்னுவாள், நான் தளர்த்திப் பின்னுவேன். அதே 48 கண்ணி, அதே ஊசி. ஆனாலும் என் சாக்ஸ் ஒரு விரற்கடை பெரிசு. மஸேர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிரித்துப் பின்னச் சொல்லப் போகிறார் என்று நாங்கள் பயந்தோம். அவர் சொன்னது, "ஜவான்களுக்கும் இரண்டு காலும் ஒரே அளவு இருக்காது." கட்டில் போட்டுவிட்டார்.

நவம்பர் 21-ஆம் தேதி சீனா தானே சண்டையை நிறுத்தியது. எங்கள் கூடையில் பாதிக்கு மேல் நூல் மிச்சம். இனி எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். சண்டைதான் நின்றது, குளிர் நிற்கவில்லையே என்றார் மஸேர். ஆகவே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று பின்னிக்கொண்டே போனோம். ஒப்சியோன் கெடுவும் அந்தப் பிப்ரவரியோடுதான் முடிந்தது. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அவள் அப்பா எழுதிக் கொடுத்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து இந்திய ஜவானுக்கு இடது கால் பின்னிய பெண் அன்றுமுதல் பிரெஞ்சுக்காரி, வலது கால் பின்னிய நான் இந்தியப் பிரஜை. மறுநாளும் அதே பெஞ்சு, அதே மாவுத்தட்டு. எங்களுக்குள் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து அவர்கள் கப்பலேறினார்கள். போகும்போது தன் ஊசிக்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அங்கே போனால் புதுசு வாங்கிக்கொள்வாளாம்.

அந்தக் கட்டுதான் டிரங்குப் பெட்டியில் இருந்தது. இரண்டு முனையும் கூரான ஐந்து எஃகு ஊசி. நடுவில் என் வேலைக்காலம் முழுக்க அதைத் தொட நேரமில்லை. எல்.டி.சி. ஆகச் சேர்ந்து, யு.டி.சி. ஆகி, கோப்புகளைக் கட்டுவதிலேயே விரல்கள் களைத்துவிட்டன. ஒருமுறை எல்.டி.சி. சலுகையில் (இது லீவ் டிராவல் சலுகை, பதவி அல்ல, பழைய சர்க்கார் ஆட்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கம்) ஜனவரியில் தில்லி போனபோது, அலுவலகப் புல்வெளிகளில் மதிய வெயிலில் உட்கார்ந்து நம்மைப் போன்ற கிளார்க் பெண்கள் மடமடவென்று ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்து வயிறெரிந்தேன். வேலை நேரத்தில் எப்படி என்று இவர் கேட்டார். அந்தக் கேள்விக்குள் நான் போகவில்லை.

பின்னும் முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஊசி பிடிக்கத் தெரிந்த பேத்திகள் வீட்டில் இருந்தால் படித்துக் காட்டுங்கள். 11-ஆம் எண் ஊசி. 48 கண்ணி ஏற்றி நாலு ஊசியில் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, ஐந்தாவது ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். கிணற்றுக்கு உறை இறக்குவது மாதிரி வட்டமாக இறங்கும், பக்கத்தில் தையலே வராது. மேலே இரண்டு நேர், இரண்டு புரட்டு. அதுதான் எலாஸ்டிக் வேலை செய்யும். சர்க்கரைக் காலுக்கு அதையும் ஒரு எண் பெரிய ஊசியில் தளர்வாகப் பின்னுகிறேன். ஒரு சாண் இறங்கினால் குதிகால்.

குதிகால்தான் வித்தை. 48-இல் பாதி, 24 கண்ணியை மட்டும் எடுத்து, போய்த் திரும்பி, போய்த் திரும்பி 24 வரி பின்னினால் ஒரு சதுர மடல் வரும். அதன் அடியில்தான் திருப்பம். நடுவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய், இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து, அங்கேயே திரும்பிவிட வேண்டும். வரி முடியாமலே திரும்புவது. முதல் தடவை செய்கிறவர்களுக்கு ஏதோ கெட்டுப்போனதுபோலத் தோன்றும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண்ணி கூடப் போய்ச் சேர்த்துக்கொண்டே வந்தால், தட்டையாக இருந்த துணி உங்கள் கையிலேயே கிண்ணம் போலக் குழிந்து உட்காரும். 24 கண்ணி 14 ஆகியிருக்கும். மடலின் இரண்டு ஓரத்திலும் பன்னிரண்டு பன்னிரண்டு கண்ணி பொறுக்கி எடுத்து, மறுபடி வட்டமாகச் சேர்த்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாக இரண்டிரண்டு குறைத்தால் பழையபடி 48. கணக்கு சரியாக வந்து நிற்கும். கஜானாவில் டேலி ஆகிற சந்தோஷத்துக்குக் குறைந்ததில்லை.

விரல் நுனியை மூடுவதற்கு ஒரு ஊசித்தையல் உண்டு. எதிரெதிரே இருக்கும் கண்ணிகளை நூலாலேயே இன்னொரு வரி பின்னியது போலக் கோத்துவிடுவது. மேடு தட்டாது. இங்கிலீஷ்காரர்கள் அதற்குக் கிச்சனர் தையல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனின் போர் மந்திரியாக இருந்த அதே கிச்சனர் பிரபு. அதற்கு முன் 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தளபதியாக இருந்தவர். பதுங்குகுழிச் சேற்றில் ஈரக் காலோடு நின்று நின்று ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் பாதம் அழுகிய போர் அது. வீட்டிலிருந்த பெண்கள் மூட்டை மூட்டையாகச் சாக்ஸ் பின்னி அனுப்பினார்கள். அதே தையல் இங்கே சின்னாளப்பட்டியில் ஒரு சர்க்கரைக் காலுக்கு உதவுகிறது.

நிறத்துக்கு வருகிறேன். வெள்ளை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இவருக்கோ வெள்ளை பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி இருக்கு." பாதம் வெள்ளை, கணுக்காலுக்கு மேலே வண்ணம் என்று ஒப்பந்தம் ஆனது. வண்ணம் தேர்ந்தெடுக்க இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? சுங்குடிக்குச் சாயம் போட்ட கைகள், பட்டுக்குப் பாவு ஓட்டிய கைகள் சுற்றிலும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அம்மா என் நூல் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "உடல் அரக்கு வைங்க, கரை மாம்பழ மஞ்சள். கிளிப்பச்சையை நடுவுல ஒரு கோடு மட்டும். அதுக்கு மேல போச்சுன்னா கண்ணு கூசும்" என்று தீர்ப்புச் சொன்னார். சாக்ஸுக்கு உடலும் கரையும் உண்டென்று பிரான்ஸில் யாருக்கும் தோன்றியிருக்காது. நூல் திண்டுக்கல்லில் வாங்குவது, பெரும்பாலும் அக்ரிலிக். நிஜ உல்லன் வேண்டுமென்றால் கொடைக்கானல் போகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அங்கே சாலையோரத்தில் கடை போட்டிருக்கும் பெண்கள் வாடிக்கை வராத நேரத்தில் பின்னிக்கொண்டே இருப்பார்கள், அவர்களுக்கு எங்கே கிடைக்கும் என்று தெரியும். ஒரு ஜோடிக்கு 80 கிராம் போதும்.

முதல் ஜோடி இவருக்கு. இரண்டாவதை எதிர்வீட்டுத் தறிக்காரப் பெரியவருக்குப் பின்னினேன். எண்பதை நெருங்குகிறவர், இன்னும் குழித்தறியில் உட்காருகிறார். மாசியில் அந்தக் குழிக்குள் காலை இறக்கினால் மண்ணின் ஈரக் குளிர் முழங்கால்வரை ஏறும் என்று அவரே சொல்வார். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குதிகாலைப் பார்த்து, "இது எப்படித் தைக்காம வளைஞ்சுது?" என்று கேட்டார். சொன்னேன். நெசவுக்காரர், பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது. பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஏம்மா, மிதி எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியணும்ல. இதைப் போட்டா குருடன் மாதிரி ஆயிடுவேன்." அவர் பாதம் அறுபது வருடமாக மிதிபலகையைத் தொட்டுத் தொட்டுத் துணி நெய்கிறது. உணர்ச்சி இருக்கிற கால், அதைப் போர்த்த அவருக்கு மனமில்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஜோடி அவர் வீட்டு அம்மாள் காலில் ராத்திரியில் இருக்கிறது என்று கேள்வி.

வீட்டில் நடைமுறை இப்படி. ராத்திரி எட்டரைக்கு இவர் கட்டிலில் உட்கார்வார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு இரண்டு பாதத்தையும், விரலிடுக்குகளையும் பார்க்கிறேன். பழைய புண் இருந்த இடம் இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது. அதை விரலால் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்பேன். சில நாள் தெரியும் என்பார், சில நாள் பொய்யாகத் தெரியும் என்பார், அது எனக்குத் தெரியும். பிறகு சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி உதறிப் பார்த்துவிட்டு மாட்டிவிடுவது. சாக்ஸோடு தரையில் நடக்கக் கூடாது என்பதும் சட்டம். டைல்ஸ் தரையில் வழுக்கினால் இடுப்பு எலும்பு போய்விடும், நம் வயதில் அது காலைவிடப் பெரிய கதை. பாத்ரூம் போனாலும் கழற்றிவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டுதான். காலையில் கழற்றும்போது வெள்ளைப் பாதத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறேன். இதுவரை சுத்தமாகவே இருக்கிறது. கால் குளிர்வதாக நரம்பு சொல்கிற பொய் நிற்கவில்லை. ஆனால் பாட்டிலைத் தேடி இவர் எழுந்து போவது நின்றிருக்கிறது.

என் பெஞ்சுக்காரியிடம் போன வாரம் போனில் படம் காட்டினேன். பாரிஸுக்கு வெளியே சார்செல்லில் இருக்கிறாள். அங்கே இன்னும் ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர் போடுகிற குளிர். "நீ பின்னுவதுண்டா?" என்றேன். சிரித்தாள். இங்கே வந்த முதல் குளிர்காலத்தோடு விட்டாயிற்று, கடையில் மூன்று ஜோடி கட்டாகக் கிடைக்கும்போது யார் பின்னுவார்கள் என்றாள். பிறகு, "அரக்கும் மஞ்சளுமா! கொடுத்து வச்சவர்" என்று இவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு கேட்டேன். 37 என்றாள். இடது கால் கொஞ்சம் பெரிசு என்றும் சொன்னாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் இழுத்துப் பின்னிய கையும் அந்த இடது காலுக்குத்தான்.

ஆகவே இப்போது ஊசியில் இருப்பது அவளுடையது. முழு உடலும் வண்ணம்தான், அவளுக்குச் சர்க்கரை இல்லை. இதற்குள் ஐந்து ஊசியில் ஒன்று எங்கோ உருண்டு காணாமல் போய்விட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் மூங்கிலைச் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கி ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். எஃகு நாலும் மூங்கில் ஒன்றுமாக ஓடுகிறது. மூங்கிலில் கண்ணி கொஞ்சம் இறுகுகிறது. 11-ஆம் எண்ணில், இருமுனை ஐந்து ஊசிக் கட்டு, பழையதானாலும் சரி, திண்டுக்கல் மதுரைப் பக்கம் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். பங்குனி வெயில் வந்துவிட்டால் விரலுக்கு மறுபடி மாவு தொட வேண்டியிருக்கும்.